ஆறு வாரம் போட வேண்டிய பனியன்

குடலிறக்கம்னு சொல்லித்தான் லீவு கேட்டேன். வேற என்னத்தைச் சொல்ல?

எங்க பனியன் கம்பெனி கான்ட்ராக்டர் பழனிச்சாமி அண்ணன் கொங்கு ஆளு. சின்னவன் பெரியவன் பார்க்காம எல்லாருக்கும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவாரு. "ஏனுங்க பாண்டி, வெயிட்டு தூக்கற வேலையே உங்களுக்குக் கெடையாதே, எப்பிடிங்க எறங்குச்சு?"ன்னாரு. துணி மூட்டை, பேல் கட்டு ஒண்ணைத் தூக்கினேன்னு ஒரு பொய். எந்தப் பக்கம்னு கேட்டாரு. இடதுன்னேன். எங்கக்காகிட்ட கேட்டிருக்காரு, அது வலதுன்னு சொல்லியிருக்கு. நல்ல வேளை, ரெண்டு பக்கமும் எறங்கிருச்சுன்னு அவரே முடிவு பண்ணிக்கிட்டாரு.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். திருப்பூருக்கு வந்து அப்ப பதினோரு வருஷம். ஃபிளாட்லாக் டெய்லர். பனியனோட கழுத்து, கை, கீழ் ஓரமெல்லாம் மடிச்சு ரெண்டு வரியா தையல் ஓடும் பாருங்க, அது நம்ம கைவேலை. நான் பிறந்தப்ப பொம்பளைப் பிள்ளைன்னு நெனச்சு செல்வின்னு பேர் வச்சுட்டாங்க. ரேஷன் கார்டுல அதான் இருந்துச்சு. நான் பொம்பளை இல்லைன்னு எனக்கு எட்டு வயசுலயே தெரியும். ஊருக்குத்தான் தெரியலை. அதான் பஸ் ஏறிட்டேன்.

திருப்பூர்ல அந்தக் காலத்துல வேலைக்குப் போனா பேர் என்னன்னு கேட்பாங்க, தைக்கத் தெரியுமான்னு கேட்பாங்க. அதுக்கு மேல எவனும் ஒண்ணும் கேட்க மாட்டான். பாண்டின்னு சொன்னேன். எட்டு ஜென்ட்ஸ் டெய்லர் இருக்கிற பேட்ச்ல நடு மெஷின் எனக்கு. இப்ப திருநம்பின்னு அழகா ஒரு பேர் இருக்கு. அப்ப அதெல்லாம் எங்க காதுக்கு வந்து சேரலை. பாண்டி, அவ்வளவுதான். அந்தப் பேரும், அந்த மெஷினும், டீக்குப் போறப்ப எவனாவது என் தோள்ல போடுற கையும் போயிருமோன்னுதான் எனக்குப் பயம். கத்திக்குப் பயந்ததெல்லாம் ரெண்டாவது.

இப்ப என்னை மாதிரி நிறைய பேர் போன் போட்டு விசாரிக்கிறாங்க. என்னென்ன ஆபரேஷன் இருக்கு, வலிக்குமா, எத்தனை நாள் ஆகும்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி எனக்கு வாய் வலிக்குது. அதனால எழுதிட்டேன். படிச்சுக்கோங்க.

வியாதி ஆரம்பிச்சது ரிப் துணியில. பனியன் கழுத்துப் பட்டிக்குப் போடுற இழுவைத் துணி அது. கட்டிங் வேஸ்ட்டுல நல்லதாப் பார்த்துப் பொறுக்கி, குழாய் மாதிரி தைச்சு, நெஞ்சுல ரெண்டு அடுக்கு இறுக்கி மாட்டிக்குவேன். மேல பனியன், அதுக்கு மேல சட்டை. தகரக் கூரைக்குக் கீழ, சித்திரை வெயில்ல, பன்னெண்டு மணி நேரம். மார்புக்கு அடியில தோல் வெந்து புண்ணாயி, பூஞ்சை பிடிச்சிருச்சு. ஒரு நாள் மெஷின்ல உட்கார்ந்தபடியே மூச்சு முட்டிருச்சு. அக்கா என்னை இழுத்துக்கிட்டு அவினாசி ரோட்டுல ஒரு தோல் டாக்டரம்மாகிட்ட போச்சு.

அக்கா பேரு செல்லத்தாய். அதே கம்பெனியில செக்கிங் செக்‌ஷன். திருப்பூர்ல என் விஷயம் தெரிஞ்ச ஒரே ஜீவன். ‘தம்பி’ன்னுதான் கூப்பிடும். கோவம் வந்தா மட்டும் ‘மூதேவி’. அதுல ஆண்பால் பெண்பால் இல்லாததால எனக்கும் ஆட்சேபணை இல்லை.

டாக்டரம்மா புண்ணைப் பார்த்துச்சு, என் முகத்தைப் பார்த்துச்சு. மொத்தமும் சொல்லிட்டேன். "களிம்பு தர்றேன். ஆறும். நாளைக்கே நீங்க மறுபடி கட்டுவீங்க, மறுபடி வேகும். கட்டாம இருக்க என்ன வழின்னு பாருங்க"ன்னு சொல்லி, கோயமுத்தூர்ல ஒரு பிளாஸ்டிக் சர்ஜனுக்கு சீட்டு எழுதிக் கொடுத்துச்சு. அப்பிடி ஒரு வழி இருக்குன்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். பிளாஸ்டிக்னதும் அக்கா மிரண்டு போச்சு. உள்ள எதையும் வைக்க மாட்டாங்க, தோலையும் சதையையும் எடுத்து வடிவம் மாத்துற டாக்டருக்கு அப்பிடிப் பேருன்னு பஸ்ல வர்ற வழி பூரா சொல்லிக்கிட்டு வந்தேன்.

சர்ஜன் உடனே கத்தியை எடுக்கலை. முதல்ல மனநல டாக்டர்கிட்ட அனுப்பினாரு. பைத்தியமான்னு பார்க்க இல்லை. இது அவசரத்துல எடுத்த முடிவா, யாராவது தள்ளிவிடுறாங்களா, பின்னாடி வருத்தப்படுவேனான்னு பேசிப் பார்க்க. மூணு தடவை போனேன். "கனவுல நீங்க யாரா வர்றீங்க?"ன்னு கேட்டாரு. "ஃபிளாட்லாக் டெய்லராத்தான் சார் வர்றேன். கனவுலயும் ஓவர்டைம்"னேன். மனுஷன் பேனாவைக் கீழ வச்சுட்டுச் சிரிச்சாரு. லெட்டர் கிடைச்சிருச்சு.

அடுத்து ஆம்பளை ஹார்மோன் ஊசி. மூணு வாரத்துக்கு ஒண்ணு. மாசாமாசம் வர்ற தொல்லை நின்னுச்சு, மீசை அரும்புச்சு, இருபத்தொன்பது வயசுல எனக்குக் குரல் உடைஞ்சுச்சு. பேட்ச்ல கேட்டவனுக்கெல்லாம் தண்ணி மாறிருச்சுன்னு சொன்னேன். பத்து வருஷமா அதே தண்ணிதாண்டா குடிக்கிறேன்னு எவனுக்கும் தோணலை, சந்தோஷம்.

ஒரு வருஷம் கழிச்சு ஆபரேஷன் பேச்சு. அந்த ஓ.பி. ஹாலைப் பத்திச் சொல்லணும். நர்ஸ் வந்து "செல்வி, செல்வி"ன்னு கூப்பிடும். எனக்கு எந்திரிக்கக் கால் வராது. அக்கா படக்குன்னு எந்திரிச்சு "இங்கதாம்மா"ன்னு போயி நின்னுரும். முதல் தடவை அப்பிடிப் போயி நின்னதுல, அதையே நோயாளின்னு நெனச்சு உட்கார வச்சு பிரஷர் பார்த்துட்டாங்க. பார்த்தா நூத்தி எழுபது. இன்னைக்கு வரைக்கும் அக்கா பிரஷர் மாத்திரை போடுது. என் நோய்க்குப் போயி அதுக்கு நோய் கண்டுபிடிச்சுட்டு வந்தோம்.

அந்த ஹால்லதான் கௌசல்யா பழக்கமானாங்க. திருநங்கை. எங்களுக்கு நேர் எதிர்த் திசையில போறவங்க. அவங்க பக்கத்து விஷயத்தை ஒளிவு மறைவில்லாம சொல்வாங்க. விதையை மட்டும் எடுத்துக்கிறவங்க உண்டு. அங்க இருக்கிற தோலை வச்சே பெண்ணுறுப்பு செய்யறது பெரிய ஆபரேஷன். அதுக்கப்புறம் உள்ள சுருங்காம இருக்க, டாக்டர் தர்ற குச்சி மாதிரி ஒண்ணைத் தினமும் வச்சு எடுக்கணும், மாசக்கணக்குல. மார்புக்கு ஊசியிலயே கொஞ்சம் வரும், போதலைன்னா உள்ள பை வைப்பாங்க. தொண்டையில துருத்தி நிக்கிற மேட்டைச் செதுக்கிக்கிறவங்களும் இருக்காங்க. முன்னாடியெல்லாம் டாக்டரே இல்லாம கத்தியால முடிச்சு, அதுல செத்தவங்களும் உண்டுன்னு சொன்னப்ப மட்டும் அவங்க குரல் எறங்குச்சு. அப்புறம் என் நெஞ்சைப் பார்த்து, "உனக்கு எடுக்கிறதை எனக்கு வச்சுட்டா ரெண்டு பேருக்கும் ஒரே பில்லோட போயிரும்ல"ன்னாங்க. டாக்டர்கிட்ட நிஜமாவே கேட்டுட்டேன். அடுத்தவங்க சதையை உடம்பு ஏத்துக்காதாம்.

இன்னொருத்தர் மணி. திருமுருகன்பூண்டியில சிலைப் பட்டறையில கல் வேலை. பேண்ட் சட்டை, காதுல தோடு, விரல் பூரா உளிக்காயம். அண்ணன்னு கூப்பிடவா அக்கான்னு கூப்பிடவான்னு கேட்டேன். "மணின்னே கூப்பிடுங்க, அது போதுமுங்க"ன்னு பதில். ஆம்பளையும் இல்லை, பொம்பளையும் இல்லை. மார்பு மட்டும் வேண்டாம், ஊசியும் மீசையும் வேண்டவே வேண்டாம். இப்பிடிப் பாதியில நிப்பாட்டுவாங்களான்னு எனக்குச் சந்தேகம். டாக்டர் சொன்னாரு: "அவங்களுக்கு அது பாதி இல்லை, முழுசே அவ்வளவுதான்." அன்னைக்கு எனக்கு உறைச்சது.

எனக்கு எழுதுற சீட்டைத் திருப்பிப் போட்டு டாக்டர் படம் வரைஞ்சு சொன்னாரு. மார்பு சின்னதா இருந்தா காம்பைச் சுத்தி மட்டும் கீறி உள்ள இருக்கிறதை எடுத்துரலாம். பெருசுன்னா அடியில ரெண்டு பக்கமும் நீளமாக் கோடு போட்டு சதையையும் மிச்சத் தோலையும் எடுத்துட்டு, காம்பைச் சின்னதாக்கித் திரும்ப ஒட்டணும். எனக்கு ரெண்டாவது. கர்ப்பப்பையை எடுக்கிறது தனி ஆபரேஷன். அதைச் சிலர் செய்வாங்க, சிலர் விட்டுருவாங்க. கீழ்ப்பக்கம் ஆணுறுப்புக்கு ரெண்டு வழி. ஊசியால அங்க வளர்ந்த நுனியைக் கட்டு விடுவிச்சு கொஞ்சம் நீளமாக்குறது ஒண்ணு. அது சின்னதுதான், ஆனா உணர்ச்சி அப்பிடியே இருக்கும். இன்னொண்ணு, முன்னங்கையில இருந்து தோல், நரம்பு, ரத்தக் குழாய் எல்லாத்தையும் எடுத்துச் சுருட்டிப் புதுசா செய்யறது. ரெண்டு மூணு தடவை படுக்கணும். மூத்திரக் குழாய் சேர்க்கிற இடத்துல சிலருக்கு ஒழுகும், மறுபடி சரி பண்ணணும்.

"எந்தக் கை சார்?"னு கேட்டேன்.

"அதிகம் வேலை செய்யாத கை. உங்களுக்கு இடது."

ஃபிளாட்லாக்ல வலது கை சும்மா கூட வரும். துணியைத் திருப்புறது, இழுக்கிறது, ஓரம் பிடிக்கிறது எல்லாம் இடது கைதான். "அந்தக் கையை விட்டுருங்க சார், அது சோறு போடுற கை"ன்னேன். "இதுல ஒண்ணுமே செய்யாதவனும் ஆம்பளைதான் பாண்டி. உங்களுக்கு எது இல்லாம வாழ முடியலையோ அதை மட்டும் செய்வோம்"னாரு. டாக்டர் வாயால பாண்டின்னு வந்தது அதுதான் முதல் தடவை. வெளிய வந்து அக்காகிட்ட சொல்லி அழுதுட்டேன்.

ரத்தம், ஈ.சி.ஜி., எக்ஸ்ரே எல்லாம் முடிஞ்சு, சம்மதப் பத்திரத்துல அக்கா கையெழுத்துப் போட்டுச்சு. மயக்க டாக்டர் ஆயிரத்துல ஒருத்தருக்கு அப்பிடி, பத்தாயிரத்துல ஒருத்தருக்கு இப்பிடின்னு படிச்சுக் காட்டினதும், "அந்த ஒருத்தன் இவன் இல்லைன்னு எழுதிக் குடுங்க"ன்னு அக்கா ஒத்தைக் கால்ல நின்னுச்சு. அவரு சிரிச்சுக்கிட்டே, அப்பிடி எழுதித் தர சட்டத்துல இடம் இல்லைம்மான்னாரு. சீட்டுப் பணத்தை முன்னாடியே ஏலம் எடுத்துக் கட்டினதும் அக்காதான். எவ்வளவுன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லலை. கேட்டா மூதேவிங்கும்.

கண் முழிச்சப்ப நெஞ்சு மேல யாரோ பேல் கட்டை ஏத்தி வச்ச மாதிரி இருந்துச்சு. பொய் சொன்னதுக்குத் தண்டனைன்னு நெனச்சேன். குனிஞ்சு பார்த்தேன். கட்டுக்கு மேல என் காலு தெரிஞ்சுச்சு. நேராத் தெரிஞ்சுச்சு, நடுவுல ஒண்ணும் மறைக்கலை. வலியோட சிரிச்சதுல இன்னும் வலிச்சுச்சு.

ரெண்டு விலாப்பக்கமும் ஒவ்வொரு குழாய், அது நுனியில அமுக்கி வச்ச ரப்பர் பல்பு. உள்ள தேங்குற ரத்தத் தண்ணியை அது உறிஞ்சி எடுக்கும். அளவு குறைஞ்சாத்தான் குழாயை உருவுவாங்க. கையைத் தோளுக்கு மேல தூக்கக் கூடாது. சோறு ஊட்டுறது, தலை சீவுறது எல்லாம் அக்கா. ஊத்துக்குளி நெய்யி புண்ணை ஆத்தும்னு தினமும் ரசத்துல ஊத்துச்சு. டாக்டர் அப்பிடியெல்லாம் ஒண்ணும் சொல்லலை.

பேர் சீட்டு வச்சு லேடீஸ் வார்டுல போட்டிருவாங்களோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். ஒரு மலையாள நர்ஸ் எதுவும் கேட்காம தனி ரூம் ஒண்ணுல விட்டு, கதவுல பேர் எழுதுற இடத்தை வெறுமனே விட்டுட்டுப் போச்சு.

மூணாம் நாள் வந்து சேர்ந்துச்சு அந்தப் பனியன். தோல் உள்ள ஒட்டிப் பிடிக்கணும்னா ஆறு வாரம் ராத்திரி பகல் இறுக்கமான பனியன் போட்டே ஆகணும். முன்னாடி திறந்து கொக்கி போடுறது. ஆஸ்பத்திரி மருந்துக் கடையில விக்கிறாங்க. போட்டு அரை நாள் ஆகலை, அக்குள்ல அறுக்குது. கழட்டித் திருப்பிப் பார்த்தேன். உள் பக்கம் ஓவர்லாக் தையல் முரடா புடைச்சுக்கிட்டு நிக்குது, புண்ணு மேலயே. நூலு மட்டம், ஓரம் சுருங்கியிருக்கு. திருப்பூர்க்காரனுக்கு இந்தப் பனியனை விக்கிறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்! ஏற்கெனவே ஆஸ்பத்திரி கவுன், போர்வை, நர்ஸ் கோட்டு எல்லாத்தோட தையலையும் குறை சொல்லி அந்த மாடி பூரா என்னைத் தெரியும். இதை எப்பிடி விடுவேன்?

எக்ஸ்ரே கவர் ஒண்ணைக் கிழிச்சு அதுல ஸ்பெக் ஷீட் எழுதினேன். துணி எது, அளவு என்ன, எங்க எந்தத் தையல்னு சாம்பிளுக்கு எழுதிக் கொடுக்கிற தாள் அது. நெஞ்சுச் சுத்தளவு மூணு இடத்துல, தோள், அக்குள் ஆழம், முன்பக்கம் ரெண்டு அடுக்கு, தையல் எல்லாம் வெளிப்பக்கம் வர்ற மாதிரி ஃபிளாட்லாக். ஒண்ணு விடாம, படத்தோட. துணி மாத்தி எடுக்கத் திருப்பூர் போன அக்காகிட்ட கொடுத்து, "நம்ம சாம்பிள் டெய்லர்கிட்ட குடு. பக்கத்து பெட் பேஷண்ட்டுக்குன்னு சொல்லு"ன்னேன்.

சாயங்காலம் திரும்பி வந்துச்சு. "குடுத்தாச்சு தம்பி. கையெழுத்து வாங்கிட்டுத் தைக்கிறேன்னு மேல போனாரு."

"யாருகிட்ட கையெழுத்து?"

"பழனிச்சாமி அண்ணங்கிட்டதான். வேற யாருகிட்ட?"

கான்ட்ராக்டர் கையெழுத்து இல்லாம எந்த சாம்பிளுக்கும் ஊசி எறங்காது. பதினோரு வருஷமா தெரிஞ்ச விஷயம். தையலை நெனச்ச புத்தி இதை நெனைக்கலை. பனியன் தொழில்ல நரைச்ச மனுஷனுக்கு ஸ்பெக் ஷீட்டைப் பார்த்தா உள்ள இருக்கிற உடம்பு தெரியும். என் கையெழுத்தும் தெரியும். வயித்துல கத்தி வச்சவன் நெஞ்சுக்கு ஏன் அளவு எழுதுறான்? போச்சு, எல்லாம் போச்சு, இனிமே செல்விதான்னு அக்கா மடியில முகத்தைப் புதைச்சுக்கிட்டேன். மூணு நாள் சோறு எறங்கலை. வேற ஊருக்குப் போயிரலாம், கரூர்ல தறி வேலை இருக்கும்னு அக்கா சொல்லுச்சு. எனக்குத் தறி தெரியாது. எனக்கு என் மெஷின்தான் வேணும்.

ஞாயித்துக்கிழமை எங்க கம்பெனி வேன் கீழ வந்து நின்னுச்சு. பேட்ச்ல ஒருத்தன் படுத்தா மொத்தப் பேட்ச்சும் ஆப்பிள், பிரெட், ஹார்லிக்ஸோட போயிப் பார்க்கிறது எங்க வழக்கம். ஜன்னல்ல எட்டிப் பார்த்தேன். ஏழு பேரும் நிக்கிறாங்க. மாடிக்கு ஏறி வந்தது பழனிச்சாமி அண்ணன் மட்டும். தையலைக் குத்தம் சொல்ற திருப்பூர்க்காரர் ரூம் எதுன்னு கேட்டாராம், நர்ஸ் நேரா கொண்டாந்து விட்டுருச்சு.

வழக்கம் போல கழுத்துல இஞ்சு டேப்பு. கையில பாலித்தீன் கவரு. சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாரு. ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாரு.

"தோளு பதினாறு. எடது பக்கம் கால் இஞ்சு எறக்கம்"னாரு. "வருசா வருசம் தீவாளிக்கு உங்களுக்குச் சட்டை தெச்சுத் தர்றனே பாண்டி, அந்தத் தோளு எனக்குத் தெரியாதுங்களா?"

அக்கா சுவரோட சுவரா நின்னுச்சு.

"அண்ணா, நான்..."

"வலி எப்பிடி இருக்குதுங்க?"

"பரவால்லைங்கண்ணா."

"பசங்களுக்குக் கொடலெறக்கம்தான். சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டமுங்க, எங்கிட்டக் கேக்காதீங்க. உங்க மெஷின்ல நான் ஆளு போடுலீங்க, துணி போட்டு மூடி வெச்சிருக்கறன்."

கவரைப் பிரிச்சு பனியனை எடுத்தாரு. ஒண்ணு இல்லை, அஞ்சு. சாம்பிள் டெய்லர் பழக்க தோஷத்துல ஸ்மால்ல இருந்து டபுள் எக்ஸ்எல் வரைக்கும் சைஸ் செட்டே தைச்சுட்டாராம். பஞ்சு மாதிரி துணி, தையல் எல்லாம் வெளிப்பக்கம். அக்கா என் பழைய பனியனைக் கழட்ட, அவரு ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாரு. மாட்டி, கொக்கி போடாம முன்பக்கம் மூடினதும் திரும்பி வந்து அக்குள்ல ரெண்டு விரலை விட்டுப் பார்த்தாரு, தோள் தையலைத் தடவினாரு. எத்தனையோ சாம்பிளை இப்பிடிப் பார்த்திருக்காரு.

"ஷீட்டுல ஒண்ணு உட்டுப் போட்டீங்க பாண்டி. ஜென்ட்ஸா லேடீஸான்னு எழுதுல. கையெழுத்துக்கு வந்த சாம்பிள் டெய்லரு அதைத்தான் எங்கிட்டக் கேட்டாப்ல. ஜென்ட்ஸுன்னு நானே எழுதிப் போட்டனுங்க."

நான் பனியன் ஓரத்தைத் திருப்பித் திருப்பித் தையலைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

"ஆஸ்பத்திரிக்காரங்க லேடீஸ் மாதிரி வலது பக்கத்தை மேல உட்டுக் கொக்கி வெச்சிருந்தாங்க. நீங்களும் பார்க்காம அப்பிடியே வரைஞ்சு போட்டீங்க. ஜென்ட்ஸுக்கு எடது பக்கமல்லங்க மேல வரோணும்? அதையும் மாத்திப் போட்டன். பூட்டிப் பாருங்க."

அக்கா கொக்கி போட வந்துச்சு. வேண்டாம்னு கையைக் காட்டினேன். இடது பக்கத்தை மேல எடுத்து வச்சு, கீழ இருந்து ஒவ்வொண்ணா நானே பூட்டினேன்.